சுறா சாய்த்த காது

அடுக்களையிலிருந்து அந்த முனகல் மறுபடியும் வந்தது. ஊரை விட்டுக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்த அமிர்தத்தின் கை அப்படியே நின்றுவிட்டது.

"கேட்டீங்களா? அன்னிக்கும் இப்படித்தான் முனகிச்சு. நாளைக்கு நீங்க படகு ஏறக் கூடாது, ஆமா."

"நாய் சொல்லுதுன்னு வலைய வித்துட்டு மாடு மேய்க்கவா?" என்றான் அவள் புருஷன் கலைவாணன்.

"மேய்ங்க. உசிரோட மேய்ங்க."

சுனாமி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவன் படகைப் பழுது பார்த்து முடித்ததே அன்றுதான். விடிந்தால் முதல் பயணம்.

பட்டினச்சேரியில் மீன் விற்றுப் பிழைக்கும் அமிர்தம் சாமியை நம்பினாளோ இல்லையோ, சுறாவை நம்பினாள். அந்தச் செவலை நாய் சுனாமியன்று காலை மணலில் நிற்க மாட்டாமல் முனகிக்கொண்டே மேற்கே ஓடியது. அதைப் பிடிக்க ஓடியதால்தான் அவள் பிழைத்தாள். அன்றிலிருந்து அவள் வீட்டு வாசற்கதவு இரவிலும் சாத்தப்பட்டதில்லை. ஓட வேண்டி வந்தால் தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டா நிற்பது?

இப்போது மூன்று நாளாகச் சுறா கரைப்பக்கம் வருவதில்லை. சோறு தொடுவதில்லை. தலையை இடப்பக்கம் சாய்த்து எதையோ கேட்பதுபோல் நிற்கிறது. "தரைக்குள்ள கடல் வர்றத கேக்குதுடி" என்று சொன்ன பக்கத்து வீட்டு லோகாம்பாள், காலையிலேயே திருநள்ளாற்றுக்கு மகள் வீட்டைப் பார்க்கக் கிளம்பிப் போய்விட்டாள்.

அமிர்தம் அடுக்களைக்குப் போய்ச் சுறாவின் முன் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"சொல்லுடா தங்கம். வருதாடா?"

கிழக்கே பார்த்து நின்ற சுறா மெல்ல மேற்கே திரும்பியது. சாய்ந்தது அதே இடது காது. அமிர்தத்துக்குச் சுருக்கென்றது. கடலைக் கேட்கிற நாய் திரும்பினால் காதை மாற்றாதா? சுறா பின்னங்காலால் அந்தக் காதைச் சொறியப் போய், கால் பட்டதும் வீலென்று கத்தியது. ஓடாமலே மூச்சிரைத்தது. அவள் கையை நீட்டினாள். ஒருநாளும் அவளிடம் பல் காட்டாத சுறா உறுமியது. காதிலிருந்து அழுகல் வாடை வந்தது.

"ஏங்க, இது கடல் இல்லீங்க! வலி! புள்ளைக்கு வலிங்க!"

கலைவாணன் சைக்கிளை மிதித்துத் திருமலைராயன்பட்டினம் போனான். அங்கே கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்த சேக் அலாவுதீன் தன் டி.வி.எஸ். வண்டியில் வந்தார். நாயின் வாயைத் துணியால் தளரக் கட்டி, டார்ச் அடித்துப் பார்த்து, காதுக்குள்ளிருந்து ஆமணக்குக்கொட்டை அளவு உண்ணி ஒன்றை இடுக்கியால் எடுத்தார். பின்னாலேயே சீழ் வந்தது. துடைத்து மருந்து விட்டார்.

"இத உள்ள வச்சுக்கிட்டா ஊரையே கிளப்புனீங்க? கடல்காத்து பட்டா ஊசியா குத்தும். அதான் கரைக்கு வரல."

"அப்ப கடல், பாய்..."

"கடல் வருதான்னு ரேடியோவ கேளுங்கம்மா. நாய் சோத்த விட்டுட்டு, தொட்டா சீறிச்சுன்னா, எங்க வலிக்குதுன்னு பாருங்க. பத்து நாளைக்குச் சொட்டு விடணும். தண்ணி படக் கூடாது."

கட்டை அவிழ்த்ததும் சுறா அமிர்தத்தின் கையை நக்கியது. பிறகு மூட்டையின் மேலேயே ஏறிச் சுருண்டு, மூன்று நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கியது. அமிர்தம் சத்தமாக அழுதாள். அழுதுகொண்டே, அதை எழுப்பாமல் மூட்டைக்குள் கைவிட்டு, புருஷன் கடலுக்குப் போடும் சட்டையை உருவினாள்.

"கிழிஞ்சிருக்கு. தச்சு வைக்கிறேன். விடியக்காலம் வேணுமில்ல."

கலைவாணன் ஊசிநூலை எடுத்து நீட்டினான்.

அலாவுதீன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். சத்தம் தெருமுனை தாண்டும்வரை வாசலில் நின்றிருந்த அமிர்தம், உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தள்ள இரண்டு கையும் வேண்டியிருந்தது.