ஏழு பெயர்க்காரி

அச்சகத்தில் எல்லோரும் அவளைச் சிவப்புப் பேனா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிழை பார்ப்பது அவள் வேலை. ஒரே ஆளின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் மாறினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். முதலில் வந்த பெயரையே கடைசிவரை போட்டுவிடுவாள். புருஷன் எழுதிய நாவலிலும் கை அதையே செய்துவிட்டது.

திருத்திய தாள்களை அவன் அவள் மேசைமேல் வீசியடித்தான்.

“நாவலையே நாசம் பண்ணிட்டியேடி!”

“ஒரே பொம்பளைக்கு ஏழு பேர் இருந்தா பிழைன்னுதானே நினைப்பேன்?”

“உலகம் ஒவ்வொரு தடவை அழியும்போதும் கதாநாயகி உடம்பு, பேச்சு, ஞாபகம் எல்லாம் மாறிப் புது ஆளாகிடுறா. கதாநாயகன் ஒவ்வொருத்தியையும் புதுசா காதலிக்கிறான். உன் மரமண்டைக்கு அதெல்லாம் ஏறாது.”

“ஏறுது. முதல் ஆளு அவன் பொண்டாட்டி. எப்பப் பாரு இருமுறா, எதுக்கெடுத்தாலும் குத்தம் கண்டுபிடிக்கிறா. அது நான்தானே?”

மறுப்பான் என்று காத்திருந்தாள்.

“கதை நகர முதல் அழிவுலயே அவ போயாகணும்,” என்றான். “பழையபடி மாத்திக் கொடு.”

“மாத்துறேன். பெரிய மன்மதன், ஏழு பேரு கேக்குது!”

மற்ற ஆறு பெயர்களையும் அந்தந்த இடத்தில் திரும்ப எழுதினாள். பிறகு முதல் அத்தியாயத்துக்கு வந்து, மனைவி வரும் வரிகளையெல்லாம் இருமல் உட்பட அடித்துத் தள்ளினாள்.

“என்னடி இது, பொண்டாட்டி வர்ற ஒரு வரிகூட மிச்சமில்ல?”

“உலகம் அழியறவரைக்கும் அவ எதுக்குக் காத்திருக்கணும்? உங்க ஆளு இனி தனியாவே ஆரம்பிக்கட்டும்.”

தாள்களை அவன் கையில் திணித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் பேருந்து ஏறினாள்.