ரப்பர் செருப்போடு பெண் பார்க்கப் போன கதை

யுத்தத்தில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ரப்பருக்குப் பஞ்சமே இல்லை. வாங்கத்தான் ஆளில்லை. செருப்புக்கோ கடும் பஞ்சம். இரண்டையும் சேர்த்து யோசித்த ஒரே அறிவாளி நான்.

அப்போது எனக்கு ஒரே கவலை சியாம் லாரி. சியாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் வாலிபர்களை அதில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. கல்யாணம் ஆகாதவனைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு. அது வெறும் பேச்சுதான், பிள்ளைக்காரர்களும் போனார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு நான் அதை வேதமாக நம்பினேன். அக்காவின் கணவர், என் மச்சான், சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு பெண் இருப்பதாகச் சொன்னதும், பெண் கறுப்பா சிவப்பா என்றுகூடக் கேட்கவில்லை. எப்போது புறப்படலாம் என்று கேட்டேன்.

ஈப்போ ரோட்டில் போனால் லாரி நிற்கும். ஆற்றோரக் காட்டுப்பாதையில் போகலாம் என்றார் மச்சான். அங்கே அட்டை நிற்கும். லாரிக்கு அடுத்தபடி நான் பயந்தது அட்டைக்குத்தான். முதல் நாள் ஒரு வாளிப் பாலில், ரப்பர் மரத்துப் பாலில்தான், முழங்கால்வரை காலை முக்கி, ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைக்கூண்டு வாசலில் நீட்டிக் காயவைத்தேன். காய்ந்ததும் மறுபடி முக்கினேன். மூன்றாவது பூச்சில் வெள்ளைக்காரத் துரையின் பூட்ஸ் மாதிரியே வந்துவிட்டது. இரவு அதோடேயே தூங்கினேன். கழற்றிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

காலையில் மச்சான் என் காலையே வெகுநேரம் பார்த்தார்.

“செருப்பு செய்யச் சொன்னா காலையே ஷீட்டு போட்டுட்டியே லா!”

“பொறாமைப்படாதீங்க மச்சான். திரும்பி வந்து உங்களுக்கும் ஒரு ஜோடி போட்டுத் தாரேன்.”

“வேணாம். உங்க அக்காவுக்கு என் கால் வேணும்.”

மூங்கில் புதர் தாண்டும்வரை ராஜநடைதான். அட்டைகள் ரப்பரில் ஏறிப் பார்த்து, ருசி பிடிக்காமல் விழுந்தன. மச்சான் வெறுங்காலோடு குனிந்து குனிந்து பிய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். நான் சீட்டியடித்தேன். பிறகு வெயில் ஏறியது. புகையில் ஒரு ராத்திரி காய்ந்த பால் வெயிலில் என்ன ஆகும் என்று பால்மரத்தடியிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பசையாகிவிட்டது. சருகு ஒட்டியது, மணல் ஒட்டியது, எங்கிருந்தோ ஒரு கோழியிறகும் ஒட்டியது. ஆற்றைக் கடந்தபோது மேல்விளிம்பு வழியாகத் தண்ணீர் புகுந்து, அடிக்கு ஒருமுறை ‘புளிச்’ என்றது. சிம்பாங் பூலாய் வந்து சேர்ந்தபோது இரண்டு குருவிக்கூடுகள்தான் பெண் பார்க்க வந்திருந்தன. மேலே நான் இருந்தேன்.

பெண்ணின் அப்பா லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்றார். “வாங்க, வாங்க. செருப்பை வெளியில விட்டுட்டு உள்ள வாங்க, சாமி விளக்கு ஏத்தியிருக்கு.”

குனிந்து இழுத்தேன். வரவில்லை. உட்கார்ந்து இழுத்தேன். காலிலிருந்த முடியெல்லாம் ரப்பரோடு சம்பந்தம் பேசி முடித்திருந்தது. மச்சான் மட்டும் உள்ளே போய் என் குணநலன்களை அளந்துவிட, நான் படிக்கட்டில் உட்கார்ந்து கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தேன். அவை இறகைத் தேடி வந்திருக்க வேண்டும்.

சீனியில்லாத காப்பியோடு அந்தப் பெண்ணே வெளியே வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

“இது என்னாங்க?”

“செருப்பு.”

“பால்ல காலை முக்குனீங்களா? மரக்கட்டையில ஊத்தி எடுத்திருக்கலாமே?”

அந்த யோசனை எனக்கு வரவில்லை என்பதைக் காப்பியை ஊதி மறைத்தேன்.

அவள் அப்பா ஒரு காலையும் மச்சான் ஒரு காலையும் பிடித்தார்கள். “இழுக்காதீங்கப்பா, மரத்துல ஒட்டுப்பால் உரிக்கிற மாதிரி மேலேருந்து சுருட்டுங்க” என்று அவள் கதவோரம் நின்று சொல்லிக் கொடுத்தாள். நான் போட்ட கூச்சலில் அடுத்த லயமே கூடிவிட்டது. கடைசியில் இடது கால் விடுபட்டபோது உள்ளேயிருந்து ‘தொப்’பென்று ஒரு அட்டை விழுந்தது. ஆற்றில் புகுந்து, வெளியேற வழியில்லாமல், சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கட்டைவிரல் பருமன் ஆகியிருந்தது. கூட்டம் சிரித்த சிரிப்பில் லாரி சத்தம் கேட்டிருந்தால்கூட நானே ஓடிப்போய் ஏறியிருப்பேன்.

பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மச்சானைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் எனக்கு மூன்று அடி தள்ளி.

“தப்பா நெனைக்காதீங்க. இம்புட்டு அறிவு உள்ளவனுக்கு எப்படி, தம்பி, பொண்ணக் குடுக்குறது?”

எனக்கு வாழ்க்கையே முடிந்துவிட்டது போலிருந்தது. அப்போது கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

“குடுங்கப்பா. பாவம், சியாமுக்கு இழுத்துட்டுப் போனா இவரு ஒரு நாள்கூடத் தாங்க மாட்டாரு.”

ஆண்மகன் கோபப்பட வேண்டிய இடம். நான் இரண்டு கையையும் கூப்பினேன்.

அவள் அப்பா என் கால்களைப் பார்த்தார். உரித்த கோழி மாதிரி இருந்தன. “சரி. அந்த முடியாச்சும் மொளைக்கட்டும், தேதி பாக்கலாம்” என்றார்.

முடி முளைக்கக் காத்திருக்கவில்லை. அடுத்த மாதமே கல்யாணம் நடந்தது. அவசரப்பட்டது நான்தான் என்றுதான் இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். உண்மையில் அவசரப்பட்டது அவள்தான் என்று மச்சானுக்குத் தெரியும்.