எதிர்வீட்டு ஸ்பானிஷ்

கல்லிலிருந்து எடுத்த தோசையைத் தட்டில் போடாமல், ஒரு சாண் உயரத்தில் கரண்டியிலேயே நிறுத்தி வைத்துக்கொள்வாள் கீதா. கீழே தட்டும் கையுமாக இரண்டு குழந்தைகள். "என்ன சொல்லணும்?" என்பாள். "போர் ஃபவோர்!" என்று இரண்டும் கத்தினால்தான் தோசை இறங்கும். 'தயவுசெய்து' என்று அர்த்தமாம். ஸ்பானிஷ். பொழிச்சலூரில், இரண்டாவது மாடியில், தேங்காய்ச் சட்னியோடு. குழந்தைகளில் ஒன்று அவள் பிள்ளை ஹேமநாத். இன்னொன்று என் பெண் வெண்ணிலா. என் வயிறு எரிய இது போதாதா?

கீதாவின் கணவர் மோகன்ராஜை அவருடைய கம்பெனி மெக்சிகோவுக்கு அனுப்பி ஒன்றரை வருஷமாகிறது. கேளம்பாக்கம் பக்கத்தில் ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனி. மெக்சிகோவில் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க, பள்ளிக்கூடத்திலிருந்தே போன் போட்டுப் பிள்ளையிடம் பேசிப் பார்ப்பார்களாம். பேசினால்தான் இடம். இடம் கிடைத்தால்தான் டிக்கெட். ஆகவே கீதா ஒரு புத்தகமும் சில சிடிகளும் வாங்கி, முதலில் தானே படிக்க ஆரம்பித்தாள். "நான் ஒரு பாடம் முன்னாடி போறேன்க்கா, அவன் பின்னாடியே வரான். அவ்ளோதான்" என்பாள், ஏதோ ரேஷன் கடைக்குப் போய் வருகிற மாதிரி.

குளிப்பாட்டும்போது மூக்கு, காது, முழங்கால் எல்லாம் ஸ்பானிஷ். மாடிப்படி ஏறினால் எண்கள். எங்கள் தெருவில் தலைக்கு மேல் விமானம் போனால் யாரும் பேச மாட்டோம். பாதி வார்த்தையில் வாயைத் திறந்தபடி குழந்தைகள் நிற்கும், சத்தம் ஓய்ந்ததும் மீதியைச் சொல்லும். மீன் கொண்டுவரும் அங்காளம்மாவையும் கீதா விடவில்லை. 'பெஸ்காதோ' என்று சொல்லாமல் அவள் கூடையைத் தூக்க முடியாது. "இன்னாமா இது, ஒரே பேஜாரா கீது! மீனுன்னா மீனு. சரி, பெஸ்காதோ. ஆளை வுடு தாயே" என்று அவளும் சிரித்துக்கொண்டேதான் போகிறாள்.

எனக்குத் தாம்பரத்தில் வேலை. நான் வீடு வந்து சேர இருட்டிவிடும். அதுவரை வெண்ணிலா கீதா வீட்டில்தான் இருப்பாள். நானாகக் கேட்ட உதவி, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் என் பெண் அவளை 'தியா' என்று கூப்பிடுகிறாள். அந்த ஊரில் அத்தை, சித்தி எல்லோருக்கும் அதுதானாம். ஒரு ராத்திரி சாப்பாட்டின்போது என்னிடம் "அகுவா" என்றாள். "தண்ணின்னு சொல்லு, தரேன்" என்று செம்பைத் தூக்கிப் பிடித்தேன். கீதா செய்தால் பாடம், நான் செய்தால் ராட்சசித்தனம் போலிருக்கிறது. என் பெண் எழுந்து போய், எதிர்வீட்டில் குடித்துவிட்டு வந்தாள்.

கீதாவிடம் குறை கண்டுபிடிக்க நானும் படாத பாடுபட்டிருக்கிறேன். சிடியில் மூழ்கிவிட்டால் மோட்டாரை அணைக்க மாட்டாள். டேங்க் வழிந்து வாசல்வரை ஓடும். கொடியில் போட்ட துணி மழையில் நனைந்தாலும் தெரியாது. இருந்தென்ன, குழந்தைகளை ஒரு தரம்கூடக் கடிந்து பேச மாட்டாள். பத்து தரம் தப்பாகச் சொன்னாலும் பதினோராம் தரம் அதே சிரிப்புத்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைக்குத் திருஷ்டி கழிப்பாள். கல் உப்பையும் காய்ந்த மிளகாயையும் கைக்குள் மூடி மூன்று சுற்று. சுற்றை எண்ணுவதும் ஸ்பானிஷில்தான்: உனோ, தோஸ், த்ரேஸ். துப்பச் சொல்லிவிட்டு, மிளகாயை இரும்புக் கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டுவாள். நெடி ஏறி இருமல் வந்தால் கண் எதுவும் படவில்லை என்று அர்த்தம். இங்கே நெடி வந்ததே கிடையாது. "யப்பா, யார் கண்ணோ தெரியலக்கா, இப்படிப் பட்டிருக்கு!" என்று என்னிடமே சொல்வாள். நான் குனிந்து என் செருப்பைத் தேடுவேன்.

போன வாரம் அந்தப் போன் வந்தது. வெண்ணிலாவைக் கூட்டிப்போக வந்த நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஹேமநாத்துக்குப் புதுச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. ஸ்பீக்கரில் ஒரு டீச்சரம்மா பேரைக் கேட்டாள். சொன்னான். என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்டாள். பிள்ளை சுவரைப் பார்த்தான். கீதா சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. டீச்சரம்மா மறுபடி கேட்டாள். தரையில் படுத்துப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த வெண்ணிலா, தலையைக்கூடத் தூக்காமல், "அர்ரோஸ் கோன் பெஸ்காதோ" என்றாள். சோறும் மீனும். அந்தப் பக்கம் சிரிப்பு. யார் அது என்று கேட்டாள் போலிருக்கிறது. என் பெண் பேரைச் சொன்னாள், வயதைச் சொன்னாள், தன் பூனையைப் பற்றிச் சொன்னாள். எங்களுக்குப் பூனையே கிடையாது.

எனக்கு நெஞ்சு விம்மியது. பொய் சொல்வானேன், வெற்றி என்றே நினைத்தேன். பெருமையோடு கீதாவைப் பார்த்தேன். அவள் உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை. அந்த முகம் எனக்குப் புதிதல்ல. என் வீட்டுக் கண்ணாடியில் ஒவ்வொரு ராத்திரியும் பார்க்கிற முகம்.

போனை வைத்தாள். "அடுத்த வாரம் இவன்கிட்ட இன்னொரு தரம் பேசறாங்களாம்" என்றாள். பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுச் சமையலறைக்குப் போய், உப்பும் மிளகாயுமாக வந்தாள். இன்றைக்கு மிளகாய் என் கண்ணைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று வாசற்படியை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தேன். ஹேமநாத் பழக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"நீ இல்லடா. வெண்ணிலா, நீ வா. கிழக்கப் பார்த்து உக்காரு."

"இவளுக்கு எதுக்கு கீதா?"

"பட்டிருக்கும்க்கா" என்றாள். "வேற யாரும் இல்ல. என் கண்ணுதான்."

மூன்று சுற்று. வெண்ணிலா எண்ணினாள். அடுப்பில் கரண்டியை வைத்துவிட்டு நாங்கள் இருவரும் இருமலுக்காகக் காத்திருந்தோம். மிளகாய் சிவந்து, கறுத்து, கருகியது. நெடியே இல்லை.

கீதா என் பக்கம் திரும்பவில்லை. மிளகாய் டப்பாவைத் திறந்து இன்னும் ஒரு பிடி எடுத்தாள்.