திரும்பி வந்த பொங்கல்

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பாஸ்டருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, சபை நிறைந்திருந்த நேரத்தில் போட்டு உடைத்தேன். பத்து வயதில் செய்தது. வயதைக் காரணம் காட்ட எனக்கு இப்போது தெம்பில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அம்மா கீழ் லயத்திலும் சித்தி மேல் லயத்திலும் இருந்தார்கள். நடுவில் ஜெபக்கூடம். சித்தி கிறிஸ்துவத்தில் சேர்ந்ததும் பாஸ்டர் அவரிடம் ஒரு சத்தியம் வாங்கினார்: சாமிக்குப் படைத்ததைத் தொடக்கூடாது, படைக்கிற வீட்டில் கை நனைக்கவும் கூடாது. மலைத் தோட்டங்களின் மிஷன் முழுவதையும் நடத்தியவர் அவர். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், மனைவியை இழந்தவர், ரொட்டியும் டின் மீனும் தின்று தனியே வாழ்ந்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து சித்தி எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அம்மாவோ மாரியம்மன் திருவிழா வந்தால் தூக்குவாளியில் பொங்கல் கொடுத்தனுப்புவார். சித்தி மூடியைத் திறக்காமலே திருப்பி அனுப்புவார். இரண்டு பக்கமும் சுமந்தவன் நான்.

அந்த வருடம் திரும்பும் வழியில், ஜெபக்கூடத்தின் பின்வாசலில் பாஸ்டர் நின்றிருந்தார்.

“வாளியில என்னப்பா?”

“கோயில் பொங்கல். சித்தி வேணாம்னுட்டாங்க.”

இரண்டு பக்கமும் பார்த்தார். பனி இறங்கியிருந்தது, யாரும் இல்லை. படியிலேயே உட்கார்ந்து அள்ளித் தின்றார். முதல் கவளத்தில் அவசரம், பிறகு கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக.

“யார்கிட்டயும் சொல்லிடாத தம்பி.”

பெரியவர் ஒருவர் என்னிடம் கெஞ்சியது அதுவே முதல் தடவை. தலையாட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் படையலைப் பற்றியே பிரசங்கம் செய்தார். வாசலில் நின்று கத்தினேன்: “நீங்க மட்டும் எங்கம்மா பொங்கலத் தின்னீங்களே!” இனி சித்தி எங்கள் வீட்டில் சாப்பிடுவார் என்று நினைத்தேன்.

பாஸ்டர் மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் காய்கறி லாரியில் மலையை விட்டு இறங்கிப் போனார்.

அம்மா மேல் லயத்துக்கு ஓடினார். “அவரே சாப்பிட்டாரு, உனக்கு என்ன லா இன்னும்?”

“அவரு மீறினது அவரோடது. நான் பண்ண சத்தியம் என்னோடது, அக்கா,” என்றார் சித்தி.

அம்மா இருந்த வரைக்கும் சித்தி எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை. அம்மா இறந்த பிறகுதான், நான் தலைமையாசிரியராகியிருந்தபோது, பாஸ்டரைத் தேடத் தொடங்கினேன். அந்தத் தாமதமும் என்னுடையது. மலையடிவார ஊரான தாப்பாவில், ஒரு கடையின் மாடி அறையில் இருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

“நீ சொன்னது நிஜம்தானேப்பா,” என்றார். “எங்கம்மாவும் கோயில்ல பொங்கல் வச்சவதான். அந்த ருசி என்னை விடல. அதான் மத்தவங்ககிட்ட அவ்ளோ கண்டிப்பு.”

கண்ணை மூடிக்கொண்டு தின்றவரைப் பத்து வயதில் நான் திருடன் என்றுதான் நினைத்திருந்தேன்.

“உங்க சித்தி?”

சித்தி இன்னும் அந்தச் சத்தியத்தைக் காப்பதைச் சொன்னேன். அவர் எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டு என் காரில் ஏறினார்.

சித்தி வீட்டு வாசலில் பாஸ்டர் கைகூப்பினார். “அந்தச் சத்தியத்த நான் வாங்கியிருக்கக் கூடாதும்மா. வெட்கப்பட்டு ஓடிட்டேன். அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும்.”

“எங்கக்கா போனப்புறம் வந்து சொல்றீங்களே ஐயா.”

உள்ளே போய் எங்கள் இருவருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்தார். பாஸ்டர் கோப்பையைத் தொடவில்லை. நானும் தொடவில்லை.

“குடிங்க,” என்றார் சித்தி. “இது படைச்சது இல்ல.”