சுவருக்கு மேல் ஒரு முழம்

வெளியே பனி முழங்காலளவு கிடக்கிறது. உள்ளே நான் பெனியனோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கிறேன். நோர்வேக்கு வந்து ஆறு வருடமாகியும் இந்த வேடிக்கை எனக்குப் பழகவில்லை. நான் குடியிருப்பது பழைய மரவீடு ஒன்றின் மேல்மாடியில். கூரைச் சரிவுதான் என் அறைக்கு முகடு. அவசரத்தில் கட்டிலை விட்டு எழுந்தால் மண்டை இடிக்கும். நூறு வயது தாண்டிய அந்தச் சரிவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் துளி சில்லிப்பு இல்லை. இலங்கை மலைநாட்டில், நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, விடிகாலையில் மூக்கைப் போர்வைக்குள் ஒளித்து வளர்ந்த எனக்கு இது இன்றும் சற்று அநியாயமாகவே படுகிறது.

என் பிழைப்பும் இதுதான். பழைய வீடுகளின் சரிவு முகடுகளில் குளிர் புகாமல் அடைப்பு வைப்பது. எங்கள் மேஸ்திரி ஓலாவ் என் வயதுக்காரர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், எங்கள் ஊர்க் கூரையும் சரியான குளிர் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வே மொழியில் சொன்னேன். அவர் அக்கறையோடு யோசித்து, "ஏசியைக் குறைத்து வைத்தால் போதுமே" என்றார். இலங்கை என்றால் அவருக்குக் கடற்கரையும் தென்னையும்தான். தேயிலை மலை, மூடுபனி, காயவே காயாத கம்பளி எல்லாவற்றையும் கைஜாடையில் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாளும் ஏசியைப் பற்றியே விசாரித்தார்.

ஆனால் அந்த ஆளின் வேலையைப் பார்க்க வேண்டும். சட்டங்களுக்கு நடுவே பஞ்சுப் பாளத்தை ஒரு மடிப்பு விழாமல் பொருத்துவார். கூரைப் பலகைக்கும் பஞ்சுக்கும் இடையே காற்று ஓட வழி விடுவார். அறைப் பக்கம் பிளாஸ்டிக் தாளை விரித்து, மூட்டுக்கு மூட்டு டேப் ஒட்டி, நனைத்த விரலால் ஓரமெல்லாம் தடவிப் பார்ப்பார். எங்காவது காற்றுச் சுரீரென்றால் பிரித்து மறுபடியும் செய்வார். எல்லாவற்றையும் பலகை மூடிவிடப் போகிறது, எவரும் பார்க்கப் போவதில்லை. அங்கேதான் அவ்வளவு நேர்மை. "ஒரு விரல் இடைவெளி விட்டால் கதவையே திறந்து போட்ட மாதிரி" என்பார். அவர் மேல் எனக்கு ஒரு பக்தியே உண்டு.

எங்கள் லயம் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. ஒரே நீளத் தகரக் கூரை, அதன் கீழே வரிசையாக ஆறு காம்பரா, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் தகரம் வரை போகாது. ஒரு முழம் குறையாகவே நின்றுவிடும். அந்தத் திறப்பு வழியாகக் குளிர் மட்டுமா வரும்? பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசம், புருஷன் பெண்சாதி சண்டை, கொட்டாவி வரை வந்து சேரும். சோதனைக்குப் படித்த காலத்தில் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு படித்தேன். அந்த ஒரு முழத்தின் மேல் எனக்கிருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் காம்பராவில் இப்போது என் அக்கா பாக்கியம் தனியாக இருக்கிறாள். அத்தான் இறந்துவிட்டார், பிள்ளைகள் கொழும்பில் வேலை செய்கிறார்கள், அவள் இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறாள். அவளுக்கு இழுப்பு உண்டு. மூடுபனிக் காலத்தில் தகரம் வியர்த்துச் சொட்டி, பாயும் போர்வையும் ஈரமாகி, மூச்சு விடுவதே அவளுக்குப் பெரும்பாடாகிவிடும். ஊரார் வீட்டுக் கூரையையெல்லாம் கதகதப்பாக்கிவிட்டு அக்காவைக் குளிரில் போட்டிருக்கிறேனே என்று மனம் அறுத்துக்கொண்டே இருந்தது. போன விடுமுறைக்கு அதற்காகவே போனேன். பக்கத்து டவுனான பதுளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் சுருள் கேட்டபோது கடை முதலாளியான முஸ்லிம் நானா சிரித்தார்.

"தம்பி, இது வெயிலுக்கு அடிக்கிற சாமான். நமுனுகுலயில வெயிலு எங்க இருக்கு?"

"குளிருக்குத்தான் நானா."

"குளிர உள்ள வச்சிப் பூட்டவா?" என்றார்.

ஆக, இரண்டு நாட்டிலும் என் குளிர் யாருக்கும் விளங்கவில்லை.

ஐந்து நாள் வேலை. தகரத்துக்குக் கீழே காற்றோட வழி விட்டு, சட்டம் அடித்து, ஃபோம் விரித்து, அதை மூடி மெல்லிய பலகை. அடுப்புப் புகை போகும் பின்பக்கத்தை மட்டும் தொடவில்லை. அந்த அளவுக்கு மூளை இருந்தது. கடைசியாக அந்த ஒரு முழத் திறப்பு. ஓலாவ் பார்த்தால் முதுகில் தட்டிக்கொடுப்பார், அப்படி ஒரு ஊசி நுழைய இடமில்லாமல் அடைத்தேன். இரவு மழை பெய்தது. "தம்பி, மழ பேஞ்சதே தெரியலடா" என்று காலையில் அக்கா சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பெயின்ட் வாங்க முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போய், மத்தியானம் திரும்பினேன். அக்கா பக்கத்துக் காம்பரா மாரியாயியின் மடியில் சாய்ந்து கிடந்தாள். நான் போன கொஞ்ச நேரத்தில் இழுப்பு கண்டிருக்கிறது. நான் அறுத்த பலகைத் தூளே காரணமாக இருக்கலாம். இன்ஹேலர் கைதவறிக் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. கத்தக் குரல் எழும்பவில்லை. செம்பை எடுத்துச் சுவரில் தட்டியிருக்கிறாள்.

"டக்கு டக்குன்னு கேட்டுச்சுங்க தம்பி" என்றாள் மாரியாயி. அவளும் அக்கா வயதுக்காரி. "நீங்கதான் ஆணி அடிக்கிறீங்கன்னு நெனச்சுப்புட்டேன். காலைல பேர் கூப்பிடுற பெரட்டுக்கு ஆளக் காணலியேன்னு கதவத் தள்ளிப் பாத்தா, ஒதடு நீலமா போயிருச்சு. இன்ஹேலர தேடி எடுத்து வாயில வச்சேன்."

முன்பெல்லாம் அக்கா இருமிய உடனேயே, "என்னடி, இழுக்குதா?" என்று சுவருக்கு மேலாகக் கேள்வி வந்துவிடுமாம். பதில் வராவிட்டால் ஆளே வந்துவிடுவாளாம். அக்காவின் மூச்சு எப்போது கெடும் என்பது அக்காவைவிட மாரியாயிக்குத்தான் முதலில் தெரியும். இத்தனை வருடமும் ஒருத்தி மூச்சைக் கேட்டபடி இன்னொருத்தி தூங்கியிருக்கிறாள். அதைத்தான் நான் ஃபோம் வைத்து அடைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

சுத்தியலை எடுத்து எல்லாவற்றையும் பிரிக்கப் போனேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குடா பிரிக்கிற? கதகதன்னு நல்லாத்தான் இருக்கு. அந்தச் செவுத்து மேல மட்டும் வெட்டி விடு."

"வெட்டினா சூடெல்லாம் அந்தப் பக்கம் போயிருமே அக்கா."

"போவட்டும். மாரியாயி ரூமுக்குத்தானே போவுது? அவளுக்கும் குளிரும்ல."

ஆறு வருடம் கற்ற தொழிலை ஒதுக்கி வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தேன். சுவருக்கு மேல் அடைத்ததை வெட்டினேன். மிச்சமிருந்த சுருளோடு இன்னும் இரண்டு சுருள் வாங்கி மாரியாயியின் முகட்டையும் மூடினேன். அதற்கு அடுத்த காம்பராக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "எங்க பக்கம் எப்பங்க வருவீங்க?" என்று கேட்டார். லீவு முடிந்துவிட்டதே என்று கூசிப்போய்ச் சொன்னேன்.

திரும்பி வந்து ஓலாவிடம் சொன்னேன். "நடுவில் திறந்து விட்டாயா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, அந்த இரண்டு அறையிலும் ஒரே குடும்பமா என்றார். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பஞ்சுப் பாளத்தை அளக்கப் போனார்.

நேற்று ஒரு பழைய வீட்டு முகட்டில் கடைசி மூட்டுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. எனக்கு மத்தியானம், அவளுக்கு விளக்கு வைக்கும் நேரம். போனைச் சுவரின் தலையில் வைத்துவிட்டாள். இரண்டு காம்பராக்களின் பேச்சும் ஒன்றாக வந்தது. இந்த மாதம் இழுப்பு ஒரு தடவைதான் வந்ததாம். இன்ஹேலர் இப்போது சுவரின் மேல்தானாம், வெட்டிவிட்ட திறப்பு வழியாகவே மாரியாயி அதை எட்டிக் கொடுத்தாளாம். பேச்சோடு பேச்சாக மாரியாயி கேட்டாள்:

"தம்பி, ஒங்களுக்கு ஒடம்புக்கு முடியலன்னா, பக்கத்து ரூமுல யாரு இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். பக்கத்து அறை மனிதரின் பூட்ஸ் அளவு தெரியும், கதவுக்கு வெளியே கழற்றி வைத்திருப்பார். பெயர் தெரியாது.

"ஒருத்தர் இருக்காருங்க" என்று சொல்லிவிட்டு, கடைசி மூட்டின் டேப்பை விரலால் அழுத்தி ஒட்டினேன்.