பொட்டேட்டோ நட்சத்திரத்தில் நாங்கள் போட்ட துண்டு

விண்வெளி என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் புண்ணாக்கு வாசனைதான் வரும்...

அம்பாசமுத்திரத்தில் மாட்டுத்தீவனக் கடைக்கு மேலே ஒரு ரூம். நானும் இசக்கியும் தங்கியிருந்தோம். இரண்டு பேருக்கும் டைல்ஸ் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை லீவு. இசக்கியிடம் பழைய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. அதன் ஃபேன், கீழேயிருந்து வருகிற புண்ணாக்கு வாசனையைச் சூடாக்கி எங்கள் மூஞ்சியிலேயே ஊதும்.

அதில்தான் அந்த கேம். விண்கலத்தை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும். யாரும் பார்க்காத நட்சத்திரத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தால் நாமே பெயர் வைக்கலாம். உலகத்தில் அதை விளையாடுகிற எல்லாருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும்.

இசக்கிக்கு அப்போது நிச்சயம் முடிந்திருந்தது. பெண் ஸ்ரீவைகுண்டம், பெயர் கோமதி. வேறொருத்தன் என்றால் சேலை எடுத்துக் கொடுத்திருப்பான். இவன் நட்சத்திரம் தருவதாகச் சொல்லிவிட்டான்!

மூன்று வாரம் தேடி, ஒரு ஞாயிறு மதியம் கிடைத்தது. சிவப்பாக ஒரு சூரியன், சுற்றி ஆறு கிரகம். எவன் பெயரும் இல்லை. கண்ணில் பட்ட முதல் கிரகத்தில் இசக்கி அவசரமாக இறங்கினான். அடையாளக் கம்பம் ஒன்றை நட்டு, ஆங்கில எழுத்தில் ‘துண்டு’ என்று எழுதினான்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டால் சீட் நம்முடையது. டீ குடித்துவிட்டுப் பைய ஏறலாம்.

அப்படியே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு கோமதிக்குப் போன் போட்டான். “ஒம் பேர்ல ஒரு சூரியன் இருக்கு, கேட்டியா?”

அடுத்த ஞாயிறு, பாபநாசம் கோயிலுக்குப் போகிற வழியில் கோமதியும் அவள் அண்ணனும் ரூமுக்கே வந்துவிட்டார்கள். நான் ஓடிப்போய்க் கலர் சோடா வாங்கி வந்தேன்.

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மாப்ளே, எங்க தெருவுல எல்லார்ட்டயும் சொல்லியாச்சு. காட்டுங்க பாப்போம்.”

இசக்கி காட்டினான். அதே சிவப்புச் சூரியன். கீழே கொட்டை எழுத்தில் பெயர்... பொட்டேட்டோ.

எனக்குப் பகீரென்றது. “ஏலே, பேரை அடிச்சு அப்லோடு பண்ணுனியா இல்லியா?”

“அதான் துண்டு போட்டிருந்தம்லா!”

எந்த நாட்டுக்காரனோ எங்களுக்குப் பிறகு வந்து, பெயரை அடித்து, பட்டனை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறான். துண்டைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

அண்ணன் முகம் மாறிவிட்டது. “எந்தங்கச்சி பேருன்னு சொன்னிய. உருளக்கெழங்குன்னுல்லா போட்டிருக்கு?”

இசக்கிக்குக் கண் கலங்கியேவிட்டது. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம். அதற்குள் மாப்பிள்ளை புளுகன் என்று ஸ்ரீவைகுண்டம் பூராவும் பேசினால்? பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, அது வேறு விஷயம்.

கோமதி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சுத்தி ஆறு இருக்கே, அதுக்கெல்லாம் பேர் வச்சாச்சா?”

இல்லை. பொட்டேட்டோக்காரன் சூரியனோடு நிறுத்திவிட்டான், கிரகங்களுக்குப் பெயரே வைக்கவில்லை.

“அப்ப தள்ளுங்க.”

ஒற்றை விரலால் அடித்தாள். புல்லும் தண்ணீருமாகப் பச்சையாக இருந்த கிரகத்துக்கு ஸ்ரீவைகுண்டம். பிறகு பஸ் போகிற வரிசையில் செய்துங்கநல்லூர், பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர். கடைசியாக, நாங்கள் கம்பம் நட்ட, விஷ மழை கொட்டுகிற கிரகத்துக்கு அம்பாசமுத்திரம். ஒவ்வொரு தடவையும் பட்டன் சரியாக அமுங்கியதா என்று இசக்கியிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டாள்.

“எங்க ஊருக்கு மட்டும் எதுக்கு வெசமழை?” என்றான் இசக்கி.

“அங்கனதான நான் வாக்கப்பட்டு வரப்போறேன்.”

அண்ணன் சிரித்துவிட்டார். கலரையும் குடித்தார். எங்களுக்கு உயிர் வந்தது.

இப்போது நான் சென்னையில். பஸ் சீட்டைப் போனிலேயே பிடித்துவிடுகிறேன், துண்டுக்கு வேலை இல்லை. அவர்கள் இரண்டு பேரும் அம்பாசமுத்திரத்தில்தான். சண்டை வந்தால் கோமதி பையைத் தூக்கிக்கொண்டு, “நான் பச்சக் கிரகத்துக்குப் போறேன்” என்பாளாம். இரண்டே நாளில் திரும்பிவிடுவாள்.

போன வாரம் அந்த கேமை நானே வாங்கினேன். அரை நாள் அலைந்து பொட்டேட்டோவைக் கண்டுபிடித்து, அம்பாசமுத்திரத்தில் இறங்கினேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கம்பம் அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில் அந்தச் சீட்டில் ஒருத்தரும் உட்காரவில்லை! பக்கத்தில் இசக்கி இல்லையே என்று இருந்தது... புண்ணாக்கு வாசனைக்குக்கூட ஏங்கிவிட்டேன்.

படம் எடுத்து இசக்கிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது, அவன் போனிலிருந்து கோமதி:

“அண்ணே, பக்கத்துல இன்னொரு துண்டு போட்டு வைங்க. காலையிலருந்து ஒரே சண்ட. இவர அங்கன அனுப்பி வைக்கேன்.”