ஒரு காணி மறுதாம்பு

எண்பதுகளின் கடைசியில், வில்லியனூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் இருந்த ஒரு சர்க்கரை ஆலையில் எனக்கு வேலை கிடைத்தது. ஆலைக்கு அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. புரோகிராம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான். அலுவலகத்தில் ஒரே பெண்ணும் நான்தான். பலசரக்குக் கடைக்காரர் மகளுக்குத் தலைக்கனம் ஏற வேறென்ன வேண்டும்?

எந்த விவசாயி எந்த வாரம் கரும்பு வெட்டலாம் என்று ஆலைதான் சீட்டுக் கொடுக்கும். கட்டிங் ஆர்டர் என்பார்கள். அது இல்லாமல் வெட்டினால் ஆலை வாங்காது. காலத்தில் வராவிட்டால் கரும்பு வயலிலேயே காய்ந்து சக்கையாகிவிடும். விவசாயிக்கு ஓர் அட்டை வைத்து, நட்ட தேதியைப் பார்த்துக் கையாலேயே வரிசை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை முழுவதையும் கம்ப்யூட்டருக்கு மாற்ற நான் பத்து மாதம் எழுதினேன். முடிகிற வரை யாருக்கும் காட்டவில்லை. அரைகுறையாகக் காட்டி அதில் தப்பு வந்தால், பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று சிரிப்பார்களே என்ற பயம்.

பாகூர் பக்கத்து ஊர்களைப் பார்த்துக்கொண்ட ஃபீல்டுமேன், என் வயதுக்காரர், ஒருநாள் சொன்னார்: "மேடம், மொதல்ல குருவிநத்தத்துக்கு மட்டும் போட்டுப் பாப்போம். ரெண்டு வாரம் ஓடட்டும். சரியா வந்தா பாகூர சேத்துக்கலாம். அப்பறம் மத்த ஊரு."

"ஈடு ஈடா எடுக்க இது இன்னா இட்லியாப்பா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அரவை தொடங்கிய அன்று எல்லா ஊருக்கும் ஒரேயடியாக என் புரோகிராம்தான். பழைய அட்டைகள் இடத்தை அடைக்கின்றன என்று சொல்லி, அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட வைத்ததும் நானே.

ஒரு மாதம் கழித்துக் குருவிநத்தத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் இல்லை. ஒரு காணி குத்தகை நிலம்தான் பிழைப்பு. இந்தக் கரும்பு போனால் நிலமும் போய்விடும் என்றார். "இன்னாம்மா, எனுக்கு மட்டும் இன்னும் ஆர்டர் வரல? போன வருசம் இந்நேரம் வெட்டி முடிச்சாச்சே."

"கம்ப்யூட்டர் வரிசைப்படிதாம்மா குடுக்கும். அது தப்பு பண்ணாது. உங்க முறை வரும், போய்ட்டு வாங்க" என்றேன். பட்டியலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு தடவை பஸ் மாறி வந்தார். அதே பதிலைச் சொல்லி அனுப்பினேன்.

கடைசியில் ஃபீல்டுமேன் ஒரு கரும்பை ஒடித்து என் மேசைமேல் வைத்தார். நடுவில் பஞ்சுபோல வெளுத்திருந்தது. "குருவிநத்தத்து அம்மாவோட மறுதாம்பு இது. மறுதாம்பு ஒண்ணுக்குக்கூட ஆர்டர் போவல மேடம்." மறுதாம்பு என்றால் வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைக்கிற கரும்பு. அதுதான் முதலில் முற்றும், அதைத்தான் முதலில் வெட்ட வேண்டும்.

தேடினேன். பத்து மாத வேலையை மொத்தமாக அவிழ்த்துவிட்டிருந்ததால் சிக்கு எந்த முனையில் என்றே தெரியவில்லை. ஆறு நாள் ஆயிற்று. மறுதாம்புக்கு நட்ட தேதி கிடையாது. போன முறை வெட்டிய தேதியை அட்டையின் பின்பக்கம் எழுதுவார்களாம். நான் முன்பக்கத்தை மட்டும் பதியச் சொல்லியிருந்தேன். தேதி இல்லாதவர்களை வரிசையின் கடைசியில் தள்ளச் சொல்லி எழுதியதும் நான்தான். ஒரே ஒரு ஊருக்கு ஒரு வாரம் ஓட்டியிருந்தால் பளிச்சென்று தெரிந்திருக்கும். இப்போது பின்பக்கத்தைப் பார்க்க அட்டைகளும் இல்லை.

ஊர் ஊராகப் போய்த் தேதி கேட்டு எழுதினோம். குருவிநத்தத்துக்கு நாங்கள் போனபோது அந்த அம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தார். அவசரமாகக் கையால் எழுதிக் கொடுத்த ஆர்டரில் வெட்ட வந்த ஆட்கள், கூலிக்கே தேறாது என்று திரும்பிப் போயிருந்தார்கள். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீ சொன்னியேன்னுதாம்மா சும்மா இருந்தேன். இல்லன்னா ஆலை வாசல்லயே படுத்திருப்பேன்" என்றார். மறுநாள் அந்த வயலுக்கு அவரே தீ வைத்தாராம்.

ஆலையில் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்ப்யூட்டர் கோளாறு என்று எழுதி மூடினார்கள். அடுத்த வருடம் அந்த நிலத்தை வேறு யாரோ உழுதார்கள். அந்த அம்மா எங்கே போனார் என்று ஃபீல்டுமேனுக்கும் தெரியவில்லை. போய்ப் பார்த்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்?

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை எதை எழுதினாலும் துண்டு துண்டாகத்தான் வெளியே விட்டேன், முதலில் ஓர் ஊருக்கு, பிறகு அடுத்ததுக்கு. நிதானமான ஆள் என்று என்னைப் பாராட்டினார்கள். இப்போது புரோகிராம் எழுதுகிற பிள்ளைகளும் அதுதான் சரியான முறை என்கிறார்கள். ஆனால் நான் அதைக் கற்றுக்கொள்ள ஒரு காணிக் கரும்பு எரிந்தது, அது என்னுடையது இல்லை.